அச்சச் சுவை

அச்சம் தரும் நிகழ்ச்சியை எவரும் விரும்பார். அச்சம் தரும் கதையையோ விரும்பாதார் இலர். இருளில் தனியே நடக்க நடுங்கும் சிறுவனே, பாட்டி பேய்க்கதை சொல்லத் தொடங்கினால் முதல் ஆளாய் வந்து அமர்கின்றான். இவ்வியல்பைத் தமிழ்ச் சான்றோர் பண்டே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது நான்கு காரணங்களால் பிறக்கும் என்றார். பேய் முதலாகிய வருத்தும் ஆற்றல்களாம் அணங்கு ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, எஞ்சியது தம்மை ஆளும் தலைவன். இந்நான்கனுள் இரண்டு மனித இனத்தைச் சார்ந்தவை என்பது கருதத்தக்கது. சிறந்த அச்சக் கதைகளில் பேய் முன்னே தோன்றினும், அதன் பின்னே மறைந்து நிற்பவன் பெரும்பாலும் மனிதனே.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரைக் கடந்து, பொன்னேரி வழியாகச் செல்வோர் பழவேற்காட்டை அடைவர். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் மீனவர் சிற்றூர்கள் பல உள்ளன. ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் இங்கு ஒரு கோட்டையை எழுப்பினர். கோட்டை அழிந்தது, அவர்தம் கல்லறைத் தோட்டம் இன்றும் நிற்கின்றது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அந்தி வேளையில் அவற்றை முதன்முறை காண்பவர் திடுக்கிடுவர். ஆயினும் அச்சுறுத்தி விரட்டுவதற்காக அவை அங்கு வைக்கப்படவில்லை. சாவு யாவர்க்கும் பொது என நினைவூட்டுதல் அக்கால ஐரோப்பியரின் கல்லறை வழக்கம். பொருள் விளங்கியபின் அவ்வுருவங்கள் அச்சத்தினும் இரக்கத்தையே மிகுவிக்கின்றன.

அறியாமையே அச்சத்தை வளர்க்கும் என்னும் இவ்வுண்மையைக் கதையாக்கித் தந்தவர் மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார். அந்நூலின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் அக்கதை வருகின்றது. புகார் நகரின் மதிற்புறத்தே பெருஞ்சுடுகாடு ஒன்று இருந்தது. சார்ங்கலன் என்னும் அந்தண இளைஞன் துணையின்றி அதனுள் புகுந்தான். அங்கே பேய்மகள் ஒருத்தி, பிணமாய்க் கிடந்த பெண்ணின் தலையைக் கையில் ஏந்திக் கூத்தாடிக்கொண்டிருந்தாள். கண்டவன் கதிகலங்கி ஓடினான். வீடு சேர்ந்து, தன் உயிரைப் பேய்க்குக் கொடுத்துவிட்டதாகத் தாயிடம் கூறி வீழ்ந்து இறந்தான். தாய் கோதமையோ கண்ணிழந்தவள். மகனின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு அவள் அவ்விரவிலேயே சுடுகாட்டு வாயிலுக்கு வந்து, காவல் தெய்வமாகிய சம்பாபதியை அழைத்து முறையிட்டாள். தெய்வம் தந்த மறுமொழி வியப்புக்குரியது. பேய் உயிரை உண்பதில்லை. இவனுடைய பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு இவன் வினையே இவனைக் கொன்றது என்றது அத்தெய்வம்.

பேய் இல்லை என்று சாத்தனார் சொல்லவில்லை. பேயை நம் கண்முன் ஆடவிட்டு, அதன்மேல் கொலைப்பழி இல்லை என்று தீர்ப்பும் கூறுகின்றார். கண் தெரியாத தாய் அஞ்சாது வந்த அதே இடத்தில்தான் கண் தெரிந்த மகன் அஞ்சினான். பேயின் கூத்தினும் அத்தாயின் அழுகையே படிப்பவர் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.

மீஞ்சூர் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, மேற்கில் திருவாலங்காட்டை அடுத்துள்ளது பழையனூர். நீலி கதை பிறந்த ஊர் அது. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் அக்கதையைச் சுட்டுகின்றார் எனின், அதன் பழமை விளங்கும். கதை பலவாறு வழங்கும். கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாய்ப் பிறந்த அவனைப் பின்தொடர்கின்றாள். பழையனூரில் கைக்குழந்தையுடன் தோன்றி, அவனே தன் கணவன் என்று வேளாளர் எழுபதின்மரிடம் வழக்குரைக்கின்றாள். அவள் பேய் என அலறுகின்றான் வணிகன். அவையோர் நம்பவில்லை. அவனுக்குக் காவலாயிருந்த வாளையும் நீக்கச் செய்து, அவன் உயிர்க்குத் தீங்கு நேரின் தாமும் உயிர் விடுவதாகச் சொல் கொடுக்கின்றனர். விடியும்போது வணிகன் பிணமாய்க் கிடக்கின்றான். பேய் ஏமாற்றியது என்று சொல்லி எழுபதின்மரும் விலகியிருக்கலாம். அவர்கள் தீப்புகுந்து மாண்டனர்.

இக்கதையில் அச்சம் தருவது எது? நீலியின் வஞ்சமா, அவளைப் பேயாக்கிய முற்பிறப்புக் கொலையா, உண்மை சொன்னவனை நம்ப மறுத்த அவையா? மூன்றும் என்றே சொல்லவேண்டும். அவ்வூர்க்கு அருகிலுள்ள ஆலங்காட்டைப் பாடிய காரைக்கால் அம்மையாரோ, பேய் வடிவைத் தாமே விரும்பி ஏற்றவர். அவர் பாட்டில் பேய்கள் இறைவன் ஆடலைக் காணும் கூட்டமாகிவிடுகின்றன. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் அவை போர்க்களத்தில் கூழ் சமைத்து நகைப்பூட்டுகின்றன.

மேனாட்டிலும் இச்சுவையில் பேர்பெற்றோர் பலர். அவருள் முதலில் படிக்கத்தக்கவர் மேரி செல்லி அம்மையார். 1815இல் கிழக்கிந்தியத் தீவுகளில் தம்போரா எரிமலை வெடித்தெழுந்த புகையால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாது போயிற்று. செனீவா ஏரிக்கரையில், மழையால் வீட்டினுள் அடைபட்ட நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதெனப் பேசிக்கொண்டனர். அப்போது பதினெட்டு வயதினரான மேரி தொடங்கியதே, 1818இல் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’. பிணங்களின் உறுப்புகளால் ஓர் உயிரைப் படைத்தவன், அதன் தோற்றத்தைக் கண்டு வெறுத்துக் கைவிட்டு ஓடுகின்றான். அக்கைவிடலே எல்லாக் கொடுமைக்கும் வித்தாகின்றது.

இந்நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்னும் பெயரில் தமிழில் தந்தவர் புதுமைப்பித்தன் (1906–1948). அவர் தாமே எழுதிய ‘காஞ்சனை’ இக்காலத் தமிழ் அச்சக் கதைகளுள் தலையாயது எனலாம். அதில் சுடுகாடு இல்லை, போர்க்களமும் இல்லை. நகரத்து இல்லம் ஒன்று, உறக்கம் வாராத எழுத்தாளன், அவன் மனைவி, வாயிலில் வந்து நின்று வேலைக்காரியாகிவிட்ட ஒரு பெண். இவ்வளவே. நள்ளிரவில் எங்கிருந்தோ பிணவாடை வீசுகின்றது. பின்னாளில் பி. டி. சாமி முதலியோர் பேய்க்கதைகளை மிகுதியாக எழுதிப் பெருவாரியான வாசகரைப் பெற்றனர். விறுவிறுப்பாகப் படித்து முடிக்கலாம். காஞ்சனையோ படித்து முடித்தபின்னரே தொடங்குகின்றது. அப்பெண் பேயா, அன்றி உறக்கமிழந்த கணவனின் மனமயக்கமா என்பதை ஆசிரியர் இறுதிவரை சொல்லவேயில்லை.