உணர்ச்சியுள்ள தேமல்

வெளிறிய தேமல், தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம்: புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் சொல்லிச் சொல்லிப் பதிந்துபோன பாடம் இது. உணர்ச்சி நன்றாகவே இருந்தால்? பெரும்பாலும் பூஞ்சைத் தேமல், களிம்பில் அடங்கும். அடங்காமல் தொடையிலும் இடுப்பிலும் மாதக்கணக்கில் பரவுபவற்றில் வெகு சில, தோலில் தொடங்கும் நிணநீர்ப் புற்றுநோயாக (லிம்போமா) இருப்பதுண்டு.

தோல் லிம்போமாக்களில் அதிகம் காணப்படுவது மைக்கோசிஸ் ஃபங்காய்ட்ஸ். 1806-ல் பாரிஸ் மருத்துவர் அலிபெர் முதலில் விவரித்த இந்நோய், வெள்ளைத் தோலில் சிவந்த, செதில் உதிரும் படையாகத் தெரியும். மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு எடுபடாது. நிறமிழந்து தேமல்போலத் தோன்றும் வகையும் இந்தியா போன்ற நாடுகளில்தான் அதிகம், சிறுவர்களையும் விடுவதில்லை. ஆறுதலான செய்தி, இது மெதுவாக நகரும். 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் கட்டுப்படும்.

இடத்துக்கு இடம் இந்த வேறுபாடு நிறத்தோடு நிற்பதில்லை. மேற்கு நாடுகளில் தோல் லிம்போமாக்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று பி செல்கள் எனும் வெள்ளணுக்களில் உருவாகிறது. ஆசியாவில் அவ்வளவு இல்லை. ஆஸ்திரியாவில் சிலரது பி செல் லிம்போமாவில் உண்ணிக்கடி பரப்பும் பொரேலியா பாக்டீரியாவின் தடயம் கிடைத்தது. ஜப்பானின் கியூஷு தீவில் காணப்படும் ஒரு டி செல் லிம்போமாவுக்குக் காரணம் எச்டிஎல்வி-1 வைரஸ். தாய்ப்பால் வழியே குழந்தைக்குத் தொற்றி, பல பத்தாண்டுகள் கழித்துச் சிலருக்கு லிம்போமாவாகிறது. தோலடிக் கொழுப்பைத் தாக்கும் அரிய வகையொன்றுக்குப் பரம்பரை மரபணு மாற்றமும் காரணம் என்பது 2018-ல் தெரியவந்தது. கிழக்காசியர், பாலினீசியரிடம் அந்த மரபணு மாற்றம் கூடுதல்.

உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வமைப்பும் 2005-ல் சேர்ந்து உருவாக்கிய வகைப்பாடு இவற்றுக்கெல்லாம் இடம் தருகிறது. நிறமிழந்த வகைக்கு மட்டும் தனி இடமில்லை. அதன் போக்கு வழக்கமான வகையை ஒத்தது என்பதே காரணம். சிகிச்சைக் கணக்கில் அது நியாயம்தான். நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர் மருத்துவருக்கோ அது போதாது; அவர் கண்முன் இருப்பது படத்தில் பார்த்த சிவப்புப் படை அல்ல.

பெயர் தெரியாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தடவும் ஸ்டீராய்டு களிம்பு இன்னொரு தொல்லை. தேமலைக் கொஞ்ச நாள் மங்கவைத்து, தடயத்தையும் அது மறைத்துவிடும். களிம்பைச் சில வாரம் நிறுத்திய பிறகு, தோலில் சிறு துண்டெடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். முதல் துண்டில் பிடிபடாமல் மறுமுறை எடுப்பதும் சகஜம். புதுக்கோட்டை முள்ளூரில் 2017-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தோல் பிரிவும் நோயியல் பிரிவும் ஒரே கூரையின்கீழ் இருப்பது இதற்குத்தான் உதவும்: தேமலைப் பார்த்தவரும் துண்டைப் பார்ப்பவரும் பேசிக்கொள்ளலாம்.