இரண்டாவது கட்டியின் சதை

ஒருமுறை புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்தவர் உடம்பில் மறுபடி கட்டி தென்பட்டால், "பழசுதான் பரவிருச்சு" என்று வீட்டார் மனம் விட்டுப்போகிறார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அது தனியாகப் பிறந்த வேறொரு புற்றாகவும் இருக்கலாம். பரவியது என்றால் நாலாம் ஸ்டேஜ். புதியது என்றால் அறுத்துக் குணமாக்கும் முதல் ஸ்டேஜாகக்கூட இருக்கும். ஸ்கேன் மட்டும் இதைத் தீர்த்துச் சொல்லாது; கட்டியின் சதையை எடுத்துச் சோதிக்க (பயாப்ஸி) வேண்டும். இரண்டும் புற்றுதான் என்று தனித்தனியே உறுதியாக வேண்டும், ஒன்று மற்றதன் பரவல் அல்ல என்றும் தெரிய வேண்டும் என 1932இல் வாரன், கேட்ஸ் என்ற ஆய்வாளர்கள் வகுத்ததே இன்றும் அடிப்படை. புதிய புற்று வர வழியும் உண்டு. வெற்றிலையோடு புகையிலை அடக்கியவருக்கு வாய் மட்டும் கெடுவதில்லை. தொண்டை, உணவுக்குழாய் வரை அதே நஞ்சு பட்டிருக்கிறது. மார்பகப் புற்று வந்த பெண்ணுக்குப் பின்னாளில் சினைப்பையில் வந்தால் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அவரது மகள்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சேர்த்துச் செய்யும் சோதனை.

சதை எடுக்கும் ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் கொங்குச் சீமையிலும் உண்டு. அந்த ஆபத்து மிக அரிது. நோயின் பெயர் தெரியாமல் மருந்து ஏற்றுவதன் ஆபத்து அதைவிடப் பெரிது. செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. எந்தெந்தச் சோதனை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. சதை எடுப்பதைத் தாங்காத உடம்பும் உண்டுதான். வாயிலும் நுரையீரலிலும் ஒரே வகைச் செல் தெரிந்தால் நோய்க்கூறு நிபுணரே திணறுவார். அப்போது பழைய பாரஃபின் பிளாக்கை, அதாவது முதல் கட்டியின் சதையை மெழுகில் பதித்து வைத்ததை, புதியதோடு ஒப்பிடுவதுதான் வழி.

சிக்கலே அங்கேதான். முதல் வைத்தியம் அடையாறில், அடுத்தது கோவையில் என்றால் காகிதங்கள் சிதறிக் கிடக்கும். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும்; ஆனால் உள்நோயாளி ஆவணத்தை மூன்று ஆண்டுதான் வைத்திருக்கக் கடமை. இரண்டாவது புற்றோ பத்து ஆண்டு கழித்தும் வரும். ஆகவே டிஸ்சார்ஜ் அன்றே நோய்க்கூறு அறிக்கையை வாங்கிவிட வேண்டும். பிளாக், ஸ்லைடு எங்கே, எத்தனை நாள் இருக்கும் என்றும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் நோயாளியின் உரிமை, அதில் யாருக்கும் அவமதிப்பு இல்லை. வைத்தியத்தில் கவனக்குறைவு என்று தோன்றினால் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். நோயைத் தவறாகக் கணித்தது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. செய்ய வேண்டிய சோதனையைக் காரணமின்றி விட்டதைக் காட்ட வேண்டும். அதற்கும் அந்த ஃபைல்தான் சாட்சி.