விரல் நுனியில் வீரம்

இ-ஸ்போர்ட்ஸுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், பரிசுப் பணம் இருக்கிறது, சட்டத்தில் தனி இடமும் கிடைத்துவிட்டது. நாளையும் ஆட்டம் நடக்கும் என்ற உத்தரவாதம்தான் இல்லை.

ஹைதராபாதில் கொண்டாப்பூரை ஒட்டியுள்ள ஹைடெக்ஸ் வளாகம் பொருட்காட்சிகளுக்குப் பெயர் போனது. ஆனால் 2024 ஜூன் மாதக் கடைசியில் மூன்று நாட்கள் அங்கே திரண்ட கூட்டம் எதையும் வாங்க வரவில்லை. கையில் செல்போனுடன் மேடையில் குனிந்து உட்கார்ந்திருந்த இளைஞர்களைப் பார்க்க வந்திருந்தது. 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' தொடரின் இறுதிச் சுற்று அது. மொத்தப் பரிசுத் தொகை 2 கோடி ரூபாய். கோப்பையை வென்றது டீம் எக்ஸ்ஸ்பார்க் அணி.

பிஜிஎம்ஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஆட்டத்தில் 16 அணிகள், அணிக்கு 4 பேர். கற்பனைத் தீவு ஒன்றில் பாராசூட்டில் குதித்து, ஆயுதம் தேடி, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசி வரை உயிர் தப்ப வேண்டும். எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள், எத்தனை பேரை வீழ்த்துகிறார்கள் என்பதைப் பொறுத்துப் புள்ளிகள். விரல் வேகம் மட்டும் போதாது. எந்தப் பக்கம் நகர்வது, எப்போது பதுங்குவது என்று நான்கு பேரும் நொடியில் ஒரே முடிவுக்கு வர வேண்டும். இதற்காக அணிகள் நாள்தோறும் பல மணி நேரம் சேர்ந்து பயிற்சி எடுக்கின்றன.

இந்த மோகம் திடீரென்று முளைத்ததல்ல. 2016இல் ஜியோ வந்த பிறகு இன்டர்நெட் கட்டணம் சரிந்தது. மலிவு விலை ஸ்மார்ட்போன்கள் சிற்றூர்களையும் எட்டின. 2018இல் பப்ஜி மொபைல் வந்தபோது களம் தயாராக இருந்தது. மேற்கத்திய நாடுகளிலும் கொரியாவிலும் கம்ப்யூட்டர் முன் வளர்ந்த இ-ஸ்போர்ட்ஸ், இந்தியாவில் செல்போன் வழியே வீட்டுக்குள் நுழைந்தது. விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத பையனும் வீரனாகலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

அந்தக் கவர்ச்சியிலேயே ஆபத்தும் இருந்தது. கால்வான் மோதலுக்குப் பிறகு, 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. ஒரே உத்தரவில் ஆட்டம், அணி, சம்பளம் எல்லாம் கேள்விக்குறியாயின. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்றே தயாரித்த பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வெளியானது. ஓராண்டில் 10 கோடிப் பேர் பதிவு செய்தார்கள். தொலைக்காட்சியில் போட்டி ஒளிபரப்பாகும் அளவுக்கு வளர்ந்த நேரத்தில், 2022 ஜூலை 28 அன்று அரசு உத்தரவின் பேரில் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. அதே ஆண்டு பிப்ரவரியில் 'ஃப்ரீ ஃபயர்' தடை செய்யப்பட்டிருந்தது. 2023 மே மாதம் பிஜிஎம்ஐக்கு மூன்று மாதச் சோதனை அனுமதி கிடைத்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற கட்டுப்பாட்டுடன் ஆட்டம் திரும்பியது.

வேறெந்த விளையாட்டு வீரருக்கும் இப்படியொரு கஷ்டம் இல்லை. கபடிக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. பந்து தயாரிக்கும் கம்பெனி மூடப்பட்டாலும் கிரிக்கெட் நடக்கும். இ-ஸ்போர்ட்ஸிலோ மைதானம், பந்து, விதிகள் எல்லாமே ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமை. அது நினைத்தால் விதிகளை மாற்றலாம், கடையையே கட்டலாம். அரசு நினைத்தால் கதவைப் பூட்டலாம். இரண்டிலும் வீரனுக்குப் பேச்சு இல்லை.

சர்வதேச அரங்கில் இந்தியாவின் கணக்கு இன்னும் சிறியதுதான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் கண்காட்சிப் போட்டியாக இடம் பெற்றபோது, குஜராத்தின் தீர்த் மேத்தா 'ஹார்த்ஸ்டோன்' ஆட்டத்தில் வெண்கலம் வென்றார். 2022இல் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் 'டோட்டா 2' அணிக்கு வெண்கலம் கிடைத்தது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் முதன்முறையாகப் பதக்கப் பட்டியலில் சேர்ந்தபோது, 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' அணி காலிறுதியில் வியட்நாமிடம் தோற்றது. இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. இந்தியக் கூட்டம் மொய்ப்பது செல்போன் ஆட்டங்களில். பதக்கங்களில் பலவோ கம்ப்யூட்டர் ஆட்டங்களில்.

2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸ் மத்திய விளையாட்டுத் துறையின் கீழ் வந்தது. ஆனாலும் பெற்றோர் கண்ணுக்கு அது ரம்மி, சூதாட்டம் வகையறாவாகவே தெரிந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்தவர்களின் தற்கொலைகள் தமிழ்நாட்டை உலுக்கி, 2022இல் தனிச் சட்டத்துக்கே வழி வகுத்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம்தான் கோட்டைத் தெளிவாகப் போட்டது. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களுக்குத் தடை. மீறி நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸில் நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் இருக்கலாம், பந்தயம் கூடாது.

கௌரவம் கிடைத்தது சரி, வயிற்றுப்பாடு? பரிசுப் பணம் உச்சியில் உள்ள சில அணிகளுக்கே போகிறது. நடுத்தர அணிகள் விளம்பரதாரர்களை நம்பியே இருக்கின்றன. தடை, சர்ச்சை என்று செய்தி வந்தால் முதலில் ஒதுங்குகிறவர்களும் அவர்களே. ஆட்டக்காலமோ குறுகியது. ஹாக்கி வீரருக்கு ரயில்வே வேலை, கபடி வீரருக்குப் போலீஸ் வேலை என்று ஒரு பழக்கப்பட்ட பாதை உண்டு. செல்போன் வீரன் பெரும்பாலும் யூடியூபில் ஆடிக்காட்டித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்தில் கெட்டிக்காரனாக இருப்பது வேறு, கேமரா முன் பேசிக் கூட்டம் சேர்ப்பது வேறு. இரண்டும் சேர்ந்து வாய்த்தவர்கள் சிலரே.

பரிசுப் பணத்தை ஏற்றுவதைவிட அவசரமான வேலைகள் உண்டு. எழுத்துபூர்வமான ஒப்பந்தம், படிப்பைக் கைவிடாத பயிற்சி முறை, ஓர் ஆட்டம் நின்றால் கைகொடுக்கும் நிதி. மூன்றுமே விளையாட்டுத் துறைக்குப் புதியவை அல்ல. பிள்ளைகள் எந்தத் துணிச்சலில் விளையாடுகிறார்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்ல.