திருவல்லிக்கேணியும் ஓ.எம்.ஆரும்

1970, 80களில் வேலைக்காகச் சென்னை வந்த இளைஞர்கள் பலருக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்தான் முதல் முகவரி. ஓர் அறைக்கு மூன்று கட்டில். கொடியில் ஈர பனியன். காலையில் குளியலறை வாசலில் வாளியோடு வரிசை. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துக் கட்டில்காரன் மெஸ்ஸிலிருந்து ரசஞ்சாதம் வாங்கி வருவான். ஊர் ஞாபகம் வாட்டினாலும் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. காதல் என்பது பெரும்பாலும் பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்க்கும் முகம். பேசத் துணிவதற்குள் ஊரிலிருந்து 'பெண் பார்த்தாச்சு' என்று இன்லேண்ட் லெட்டர் வந்துவிடும்.

அந்த நாட்களை ஏக்கத்தோடு சொல்பவர்கள் ஆண்கள்தாம். மேன்ஷனில் பெண்களுக்கு இடமில்லை. உறவினர் வீடு, இல்லையென்றால் மகளிர் விடுதி. இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும்.

2000இல் தரமணியில் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலை ஓ.எம்.ஆர். ஆனது, இருபுறமும் பி.ஜி. விடுதிகள் பெருகின. இன்று கோவில்பட்டிப் பெண் துரைப்பாக்கத்தில் அறை எடுத்து, நைட் ஷிப்ட் முடித்துக் கேப்பில் வந்து இறங்குகிறாள். சம்பளம் அவளுடையது, சாவியும் அவளுடையது. இந்த மாற்றத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு கையால் போனில் டேட்டிங் ஆப்பின் முகங்களைத் தள்ளியபடி அவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். பிடித்தால் வலப்பக்கம், இல்லையென்றால் இடப்பக்கம். ஒருவனோடு இரண்டு வாரம் விடியவிடியப் பேச்சு. பிறகு திடீரென்று பதிலே இல்லை. அந்தக் காலத்தில் ஒருவன் இப்படி நடந்துகொண்டால், 'ஏண்டா அந்தப் பெண்ணை அலைக்கழிக்கிறாய்' என்று கேட்கப் பொதுவாகத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். ஆப்பில் வந்தவனைக் கேட்க யாருமில்லை. இன்றைய தனிமையில் மிகவும் வலிப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையே வீட்டில் மேட்ரிமோனி தளத்தில் பதிந்திருப்பார்கள். தரகர் நோட்டில் இருந்த சாதி, உட்பிரிவு, நட்சத்திரம் எல்லாம் அங்கேயும் இருக்கின்றன.

'ஃபேமிலிக்கு மட்டும்' என்ற வாடகைப் பலகையும் மாறவில்லை. வீடு கிடைத்த இடத்திலும் பேச்சிலர் என்றால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் புகாருக்கு மட்டும்தான் பெயர் அடிபடும். அபார்ட்மென்ட் சங்கத்துப் பெரியவர்களே, பொங்கலுக்குக் கோலம் போட்டுப் பானை வைக்கும்போது அந்தப் பிள்ளைகளின் கதவையும் தட்டிக் கூப்பிடுங்கள்.