பதினொரு முறை வென்றவர்

இந்திரஜித் குப்தா மக்களவைக்கு 11 முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1960-இல் கல்கத்தாவில் நடந்த இடைத்தேர்தலில் முதல் வெற்றி. 2001 பிப்ரவரியில், மிட்னாபூர் தொகுதி உறுப்பினராக இருக்கும்போதே காலமானார். இடையில் ஒரே ஒரு தோல்வி, 1977-இல். ஒரே ஆள் இத்தனை காலம் எம்.பி.யாக இருப்பது ஜனநாயகத்துக்கு நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். நல்லதுதான் என்று சொல்ல குப்தாவின் வாழ்க்கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. அவையிலேயே ஊறிய ஒருவருக்கு எதிரணிக் கட்சிகளின் நம்பிக்கையும் வந்து சேர்கிறது. அந்த நம்பிக்கையால் நாட்டுக்குப் பயன் உண்டு.

ஐ.சி.எஸ். அதிகாரிகளின் குடும்பத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த அவர், நாடு திரும்பியதும் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து தொழிற்சங்க வேலைக்குப் போனார். 1996-இல் தேவ கௌடா அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார். ஆனால் அவருடைய அனுபவத்தின் மதிப்பு பளிச்சென்று தெரிவது அதற்குப் பிறகுதான். தேர்தல் செலவை அரசே ஏற்கலாமா என்று ஆராய 1998-இல் பாஜக தலைமையிலான அரசு ஒரு குழு அமைத்தபோது, கொள்கையில் நேர் எதிரான இந்தக் கம்யூனிஸ்டையே அதற்குத் தலைவராக்கியது. மன்மோகன் சிங், சோம்நாத் சட்டர்ஜி, விஜய் குமார் மல்ஹோத்ரா உள்ளிட்டோர் உறுப்பினர்கள். ரொக்கமாகத் தராமல் பெட்ரோல், டீசல், பிரசுரங்களுக்கான காகிதம், ஒலிபெருக்கி, வாக்காளர் பட்டியல் நகல் என்று பொருளாகத் தரலாம் என்றது அறிக்கை. பணம் எங்கே கைமாறும் என்று களத்தில் கண்டறிந்தவர்களின் யோசனை அது.

மூத்தவர்கள் நகராவிட்டால் இளையவர்களுக்கு வழி ஏது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அனுபவம் தவறைத் தடுத்துவிடாது என்பதும் உண்மை. குப்தாவின் கட்சி நெருக்கடி நிலையை ஆதரித்தது. 1977-இல் அவரும் தோற்றார். ஆனால் மக்களின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவராகவே 1980-இல் பசீர்ஹாட்டிலிருந்து அவைக்குத் திரும்பினார். நீண்ட பதவிக்கு வாக்குச்சீட்டே கடிவாளம். அதற்கு மேல் ஒரு கால வரம்பு தேவையில்லை. அந்தக் கடிவாளத்தைப் பணம் அறுத்துவிட்டால்தான் ஆபத்து. குப்தா குழு அடைக்கப் பார்த்தது இந்த ஓட்டையைத்தான். அது பரிந்துரைத்த அரசு நிதி இன்றுவரை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. மாறாக, கட்சிகளுக்குப் பெயர் வெளியாகாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்கள் 2018-இல் வந்தன, 2024-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. நீண்ட காலப் பதவியைக் குறை சொல்பவர்கள் முதலில் அந்த அறிக்கையை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.