உஷார்! குழந்தையின் ஒரு கண் சத்தமில்லாமல் பார்வை இழக்கலாம்

உங்கள் குழந்தைக்கு இரண்டு கண்ணும் தெரிகிறதா? "ஓடியாடி விளையாடுகிறானே" என்று பதில் சொல்லாதீர்கள். ஒரு கண் நன்றாக இருந்தாலே குழந்தை ஓடும், பந்து பிடிக்கும், டிவி பார்க்கும். மற்றது மங்கல் என்பது அதற்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தானே பார்க்கிறது!

இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். பெயர்தான் சாதாரணம். நாள் கடந்தால், பிறகு கண்ணாடி போட்டாலும் ஆபரேஷன் செய்தாலும் முழுப் பார்வை திரும்பாமல் போகலாம். காரணம், சேதம் கண்ணில் இல்லை, மூளையில்.

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் பத்து லட்சம் நரம்பிழைகள் கிளம்புகின்றன. கருவிலேயே, ரசாயன அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு அவை மூளைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அதுவரை வெளிச்சம் தேவையில்லை. ஆனால் பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதியில் எந்தக் கண்ணுக்கு எவ்வளவு இடம் என்பது, பிறந்த பிறகு பார்த்துப் பார்த்துத்தான் உறுதிப்படுகிறது. ஒரு கண்ணிலிருந்து மங்கலாகவே செய்தி வந்தால், வரப்பை வெட்டி வெட்டிப் பக்கத்து நிலத்தைச் சேர்த்துக்கொள்வதுபோல, நல்ல கண்ணின் இணைப்புகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

1960-களில் ஹார்வர்டில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடிப் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்துத் திறந்தபோது கண் நன்றாகவே இருந்தது. மூளையில்தான் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தன. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் ஒன்றும் ஆகவில்லை. நாலைந்து வாரக் குட்டிக்கோ மூன்று நான்கு நாள் மூடலே போதுமானதாக இருந்தது. என்னை அதிகம் பதறவைப்பது இன்னொரு முடிவு: இரண்டு கண்ணையும் மூடினால் வரும் சேதம், ஒரு கண்ணை மட்டும் மூடினால் அந்தக் கண்ணுக்கு வருவதைவிடக் குறைவு. சும்மா இருப்பதைவிட, பக்கத்துக் கண்ணிடம் தோற்பதுதான் பெரிய ஆபத்து! இருவருக்கும் 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தைகளின் கண் இமையை யாரும் தைப்பதில்லை. ஆனால் மாறுகண், தொங்கும் இமை, பிறவிக் கண்புரை, இரண்டு கண்ணுக்கும் பவர் பெரிதாக வித்தியாசப்படுவது எல்லாமே அந்த வேலையைத்தான் செய்கின்றன. நம் வீடுகளிலோ "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று கொஞ்சிவிட்டு விட்டுவிடுகிறோம். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் பிறவிப் புரை இருந்தால் பிறந்த ஆறு வாரத்தை ஒட்டி ஆபரேஷன் நடப்பது நல்லது. "கொஞ்சம் வளரட்டும்" என்று சொல்ல அங்கே நேரமே இல்லை. ஃபிளாஷ் போட்ட போட்டோவில் ஒரு கண்பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கைக்குழந்தை ஒரு பொம்மையை உற்றுப் பார்க்கும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மெல்ல மறையுங்கள். பிறகு மற்றக் கண்ணை. ஒரு பக்கம் மறைக்கும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு, தலையைத் திருப்பி அழுதால், மறைத்தது நல்ல கண். திறந்திருந்ததுதான் தெரியாத கண். அழவில்லை என்றால் நிம்மதியாக இருந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. பவர் வித்தியாசம் இதில் பிடிபடாமல் போகலாம். பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டித்தான் ஆகவேண்டும். அங்கே ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படிக்கும்போது விரலிடுக்கு வழியாக நல்ல கண் எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள்.

சிகிச்சை எளிமையானது: சரியான கண்ணாடி, தேவைப்பட்டால் நல்ல கண்ணை தினம் சில மணி நேரம் பேட்ச் ஒட்டி மறைப்பது. ஆனால் கடையில் பேட்ச் வாங்கி நீங்களாக ஒட்டிவிடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு அளவு மீறினால் நல்ல கண்ணே இடத்தை இழக்கலாம். எத்தனை மணி நேரம், எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். மறுபரிசோதனைக்குத் தவறாமல் போகவேண்டும்.

ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பத்து, பன்னிரண்டு வயதிலும் பலருக்கு ஓரளவு பார்வை கூடுகிறது. அதனால் "வயசு தாண்டிடுச்சு" என்று யாராவது சொன்னால், அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.