கொடி சுற்றிய பிள்ளை

சண்டிலிப்பாயிலே ஒரு கர்ப்பவதி ஸ்கான் பரிசோதனை முடிந்து வீடு திரும்பி, பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருப்பதாக வைத்தியர் கூறினார் என்று வாய்திறந்துவிட்டால், அன்றிரவு அவ்வீட்டில் நித்திரை ஏது! தாய்மாமனுக்கு ஆகாது, அவன் பிள்ளையின் முகத்தை முதலில் எண்ணெயிலேதான் பார்க்கவேண்டும் என்று அம்மம்மா தோஷம் பேச, சிசேரியனே கதி என்று அயலவர் தீர்ப்புக் கூறிவிடுவர். மாமன் பாட்டை மாமன் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளையின் பாடு யாதென்பதே நம் விசாரணை.

சுற்று எதனால்?

தொப்புள்கொடி சராசரியாக 50 முதல் 60 சென்ரிமீற்றர் நீளமுடையது. அதனுள் முறுகி ஓடும் இரண்டு நாடிகளையும் ஒரு நாளத்தையும், நசுங்காதபடி ஒருவகை வழுவழுப்பான பசை மெத்தைபோற் காத்து நிற்கின்றது. நீரில் மிதந்து புரளும் சிசு இக்கொடியிற் சிக்குவதும் தானே விடுபடுவதும் சகஜம். பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலைந்தில் ஒன்று கழுத்துச் சுற்றுடனேயே பிறக்கின்றது. கருப்பையிலே பிள்ளை மூக்கால் மூச்சு விடுவதில்லை, பிராணவாயு கொடிவழியே வருகின்றது. ஆதலால் அஞ்சவேண்டுவது கழுத்து நெரிவதையன்று, கொடி நெரிவதையே. தலை வெளிப்பட்டதும் மருத்துவிச்சி விரலால் தடவிப் பார்த்துச் சுற்றைத் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவது நாடோறும் நிகழும் காரியம்.

ஒலியால் காணும் காட்சி

அயலூராகிய மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டில் வைத்தியம் போதித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பிரசவ வைத்திய நூலையும் தமிழாக்கித் தந்த அக்காலத்தில், கொடி கிடக்குமிடத்தை அறியக் கைவிரலும் காதுமே கருவிகள். 1958இல் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்ட், ஒலியலையின் எதிரொலியால் கருப்பையினுள்ளே காணலாமென்று லான்செட் சஞ்சிகையில் எழுதிய பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. இன்று டொப்ளர் முறை கொடியின் இரத்தவோட்டத்தைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டுகின்றது. அவை ஓட்டம் கருவியை நோக்கி வருவதையும் விலகிச் செல்வதையும் குறிப்பனவேயன்றி, நல்ல இரத்தம் கெட்ட இரத்தம் என்பதன்று. எனினும் இன்று கண்ட சுற்று நாளை அவிழலாம், காணாத சுற்று நாளை விழலாம். ஆகவே அதைத் தேடுவதற்கென்றே மீண்டும் மீண்டும் ஸ்கான் எடுப்பது வீண்செலவென்பேன்.

தேடவேண்டியவை வேறு

பிள்ளையின் இரத்தக்குழாய்கள் கொடியின் காப்பின்றிக் கருப்பைவாயின் குறுக்கே ஓடினால், நீர்க்குடம் உடையும்போது அவையும் கிழிந்து சிசுவின் உயிர் சில நிமிடங்களிற் போய்விடலாம். முன்னரே கண்டுகொண்டால், நோவு தொடங்குமுன் சத்திரசிகிச்சையால் பிள்ளையைக் காக்கலாம். ஆதலால் சூல்வித்தகம் கீழிறங்கியிருப்பவர்களுக்கு இதை விசேடமாக நோக்குவர். வளர்ச்சி குன்றிய சிசுவுக்குக் கொடிநாடியின் ஓட்டத்தை அளப்பதும் பெரும் பயன் தரும்.

தாயறியவேண்டியது

பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராதீர்கள். சண்டிலிப்பாயிலிருந்து தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ எட்டாத தூரமன்று. நீர்க்குடம் உடைந்து கொடி வெளியே தட்டுப்பட்டால் அதை உள்ளே தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். முழங்காலையும் மார்பையும் தரையிலூன்றி இடுப்பை உயர்த்தியபடியிருக்க, அருகிலிருப்பவர் உடனே 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கட்டும்.